மூன்றாவது பீடம்

பியோனிப் பூவின் மொட்டை எறும்புகள்தான் திறந்துவிடுகின்றன என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது பெரும்பிழை. மொட்டின் மேல் கசியும் இனிப்புக்காக எறும்பு வருகிறது, நக்குகிறது, போகிறது. பூப்பது முழுக்க முழுக்கச் செடியின் சொந்த விவகாரம்.

இந்தச் சிறு தகவல் ரெகினாவுக்குத் தெரிந்திருந்தால் இரண்டு டப்பா எறும்புப் பொடியும் கொஞ்சம் முழங்கால் வலியும் மிச்சமாகியிருக்கும்.

மே மாதக் கடைசியில் கோயில்பிள்ளை போலெக் அவள் வாசலில் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார். நல்ல செய்தி என்றால் அவர் தொப்பியோடுதான் சொல்வார்.

"பானி ரெகினா, இந்த வருஷம் நற்கருணைப் பவனிக்கு மூணாவது பீடத்தைப் பக்கத்து வீட்டு வாசல்ல போடலாம்னு சாமியார் நினைக்கிறார்."

பெண்களைப் 'பானி' என்று மரியாதையாக அழைப்பதும், பவனி நின்று நற்செய்தி கேட்க வழியில் வீட்டு வாசல்களில் பீடம் போடுவதும் அந்த ஊர் வழக்கம்.

"இருபத்திரண்டு வருஷமா என் வாசல்லதானே போடறீங்க!"

"பானி தெயோடோரா தோட்டத்துல மஞ்சள் பியோனி மொட்டு விட்டிருக்கு. கோயில் கொடியும் மஞ்சள் வெள்ளைதானே, பொருத்தமா இருக்கும்னுதான்..." தொப்பியைக் கையில் ஒரு சுற்று சுற்றினார். "அப்புறம், போன வருஷத்து எறும்பு."

போன வருஷம் ரெகினாவின் இளஞ்சிவப்புப் பூக்களிலிருந்து இறங்கிய எறும்பு ஒன்று, பீடத் துணியைக் கடந்து சாமியாரின் அங்கிக்குள் ஏறிவிட்டது. நற்செய்தி முழுவதையும் அவர் நெளிந்துகொண்டே வாசித்தார்.

"எறும்பு இல்லாம பியோனி பூக்குமா? எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று சீறியவள், சட்டென்று நிறுத்தினாள். பார்வை வேலிக்கு அந்தப் பக்கம் போனது.

"சரி, சாமியார் இஷ்டம்" என்றாள், தேன் குழைத்த குரலில்.

நான்கு வருஷத்துக்கு முன் லுப்ளின் சந்தையில், ஒரே நாளில், ஒரே கடையில் இருவரும் வாங்கிய மஞ்சள் பியோனிக் கிழங்குகள் அவை. மரப் பியோனியையும் சாதாரணப் பியோனியையும் சேர்த்து உருவாக்கிய கலப்பினம். அங்கே இப்போது பதினொரு மொட்டு. இங்கே இலை. நான்கு வருஷமாக வெறும் இலை.

"ஆழமா நட்டுட்டீங்க, பானி ரெகினா" என்று தெயோடோரா மூன்று முறை சொல்லிவிட்டாள். "செப்டம்பர்ல தோண்டி எடுத்து, மேல மூணு விரல்கடை மண் மட்டும் இருக்கற மாதிரி நடுங்க."

'நல்லா இருக்கற செடியைத் தோண்டச் சொல்றாளே, எவ்வளவு வயித்தெரிச்சல்!' என்று ரெகினா முடிவு கட்டியிருந்தாள். அந்த மொட்டுகள் கண்ணில் படாமலிருக்க, வேலியோரம் கொடி கட்டிப் போர்வைகளைக் காயப்போட்டாள். ஒரு வாரமாக அவை காய்ந்துகொண்டே இருந்தன.

கோயில்பிள்ளை வந்துபோன மறுநாள் விடியற்காலை, ரெகினா போர்வைகளை விலக்கி, முனகிக்கொண்டே வேலி ஏறினாள். மஞ்சள் பியோனியைச் சுற்றிலும் எறும்புப் பொடியைத் தூவினாள். எட்டு நாள், எட்டு விடியல். செடியில் ஓர் எறும்புகூட மிஞ்சவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மொட்டுகள் இறுக்கமாக மூடியிருந்தன. ரெகினா பூசைக்குப் போய் உற்சாகமாகப் பாடினாள்.

திங்கட்கிழமை ஒரு மொட்டில் மஞ்சள் கீறல் தெரிந்தது. புதன்கிழமைக்குள் பதினொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து நின்றன. ரெகினா பொடி டப்பாவைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்த்தாள். இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

வியாழக்கிழமை காலை, பவனி நாள். வாசலில் தெயோடோரா. கையில் வாளி; வாளியில் பதினொரு பூ.

"பீடத்துக்குத் துணி விரிச்சாச்சா?"

"கிண்டலா? பீடம் உங்க வாசல்ல!"

"யார் சொன்னா? பூ என்னோடதா இருக்கட்டும், பீடம் பழைய இடத்துலயே இருக்கட்டும்னு நேத்தே சாமியார்கிட்ட சொல்லிட்டேன். அந்தப் பூவைப் பார்த்துக்கிட்டதே நீங்கதானே."

"நானா?"

"பின்னே? 'பீடத்துல எறும்பு ஊரக் கூடாதுன்னு எட்டு நாளா விடியறதுக்குள்ள வந்து பொடி போட்டாங்க, முட்டி வலியோட'ன்னு சொன்னேன். அவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. இன்னிக்குப் பிரசங்கத்துல சொல்லப்போறாராம்."

ரெகினாவின் கை கேட்டிலேயே ஒட்டிக்கொண்டது. தெயோடோரா வாளியை அவள் காலடியில் வைத்துவிட்டு நடந்தாள். நாலடி போய்த் திரும்பினாள்.

"ஏன் வேலி ஏறினீங்க? மூணாம் நாள்லேருந்து என் கேட்டைத் தாழ் போடாமதான் வச்சிருந்தேன்."

ரெகினா குனிந்து வாளியை எடுத்தாள்.

"பூக்கறதுக்கு எறும்பு வேண்டாம், பானி ரெகினா. ஆழமா நடாம இருந்தாப் போதும்."

பவனி வந்தது. வெள்ளை உடைச் சிறுமிகள் இதழ்களைத் தூவினார்கள். மூன்றாவது பீடத்தில் சாமியார் நெளியாமல் வாசித்தார். பிரசங்கத்தில் அவர் ரெகினாவின் பெயரைச் சொன்னபோது ஊரே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் ரெகினா தன் செடியைத் தோண்டி எடுத்து, மேலே மூன்று விரல்கடை மண் மட்டும் இருக்கும்படி திரும்ப நட்டாள்.