கேட்க ஆளில்லை

“சார் தவறி எத்தனை நாளாச்சுக்கா?” என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே அந்த வீட்டு அம்மாவிடம் விசாரித்தார் இசைத்தட்டு வாங்க வந்த டிரம்ஸ்காரர்.

அவர்மீது தப்பில்லை. அவள் ஆன்லைனில் போட்டிருந்த விளம்பரம் அப்படி. ‘ஜமைக்கா நாட்டு ரெகே இசைத்தட்டுகள், இருநூற்றுப் பன்னிரண்டு. மொத்தமாக விற்பனைக்கு. வீட்டில் கேட்க ஆளில்லை.’ படித்தவர் யாராக இருந்தாலும் துக்கம்தான் விசாரிப்பார்.

“தவறல. உள்ளதான் படுத்திருக்கார், வாங்க” என்றாள் அவள். டிரம்ஸ்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இசைத்தட்டு அலமாரி இருந்ததும் அந்த அறையில்தான். சுவரோரக் கட்டிலில், மூக்கில் குழாயோடு அவள் கணவர். பாதி திறந்த கண்கள் யாரையும் பார்க்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஏழு மாதம் ஆகிறது.

“உணர்வே இல்லன்னுட்டாங்க. நாளைக்குக் காலையில இப்படிப்பட்டவங்களப் பார்த்துக்கற இல்லத்துல கொண்டுபோய் விடறோம். ஒத்தை ஆளா எவ்வளவு நாள்தான் தூக்கிப் புரட்டறது? என் இடுப்பே விட்டுப்போச்சு.”

“இவ என்கூட வந்துடப் போறா” என்றார் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அவள் அண்ணன். “இந்தக் குப்பையெல்லாம் எங்க வைக்கறது? சட்டுபுட்டுன்னு பார்த்து எடுத்துட்டுப் போங்க தம்பி.”

அவள் கணவரின் போர்வையைச் சரிசெய்தாள். “இவரு ஒரேயடியாப் போயிருந்தாக்கூட அழுது முடிச்சிருப்பேன். இப்ப அதுக்கும் வழியில்ல.”

டிரம்ஸ்காரர் ஒரு தட்டை உறையிலிருந்து உருவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பிள்ளையைப் போல வைத்திருந்திருக்கிறார் மனுஷன். “ஒண்ணு மட்டும் ஓட்டிப் பார்த்துடறேன்” என்று ஊசியை வைத்தார்.

பேஸ் கிட்டார் திம்மென்று எழுந்தது. கொஞ்ச நேரத்தில், போர்வைக்கு வெளியே கிடந்த ஆள்காட்டி விரல் துடித்தது.

“அக்கா, விரல்!”

“அது வெறும் நரம்பு” என்றாள் அலுப்போடு. “நானும் ஆரம்பத்துல உங்கள மாதிரிதான் குதிச்சேன். இதையே போட்டு, பக்கத்துல உக்காந்து, தாளம் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூட ஒத்து வரல. நான் தட்டிட்டு அடுத்ததுக்குக் கையத் தூக்கறப்பதான் அது துடிக்கும். வீணா ஆசைப்படாதீங்கன்னு டாக்டரும் சொல்லிட்டார்.”

“இந்தப் பாட்டெல்லாம் நீங்க கேட்டிருக்கீங்களா?”

“ஐயோ, எனக்கு இந்த இரைச்சலே ஆகாது. இவர் போட்டாலே நான் அடுப்படிக்கு ஓடிடுவேன்.”

டிரம்ஸ்காரர் ஊசியைத் தூக்கினார். விரல் நின்றது. வேறொரு தட்டை மாற்றினார். இது இன்னும் வேகம். நாலைந்து நொடியில் விரல் மறுபடி எழுந்தது, முன்னைவிட வேகமாக. ஊசியைத் தூக்கினார். விரல் நின்றது.

அண்ணன் கையில் டேப் பாதியில் நின்றது.

“அக்கா, ரெகேக்கு எல்லாரும் தட்டற இடத்துல தட்டக்கூடாது” என்றார் டிரம்ஸ்காரர். “ரெண்டு தாளத்தட்டுக்கு நடுவுல ஒரு இடைவெளி வரும் பாருங்க, அங்கதான் தட்டணும். அது என் கைக்கு வரவே ஒரு வருஷமாச்சு. சார் ஒண்ணுகூடத் தவறாம தட்டறார்.”

அவளுக்குப் பிடிபடவில்லை. “அப்படின்னா?”

டிரம்ஸ்காரர் கட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கேக்க ஆளிருக்கார்க்கா. ஏழு மாசமா, எல்லாத்தையும்.”