ஆரஞ்சுப் பொத்தான்

உமாபதியின் பீரோவில் ஒரே துணியில் தைத்த மூன்று சாம்பல் நிறச் சட்டைகள் இருந்தன. நடுச் சட்டைக்கு ஒரு பொத்தான் அறுந்து விழுந்தது. அதே மாதிரிப் பொத்தான் கிடைக்காமல், அவர் பழைய மழைக்கோட்டிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பொத்தானை வெட்டித் தைத்துவிட்டார்.

சட்டைக்கு மானம் போயிற்று. “ஆபீஸே உன்னைத்தான் பார்க்குது,” என்று பொத்தானிடம் எரிந்து விழுந்தது.

“பார்க்கட்டுமே. நான் குற்றாலத்து அருவியிலயே நனைஞ்சவன்,” என்றது பொத்தான்.

அதைக் கழற்றிவிடும் எண்ணத்தில், சட்டை ஒவ்வொரு சலவையிலும் நூலைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய துணிக்கு பிளாஸ்டிக் வாளி தருபவர் தெருவில் கூவினார். உமாபதியின் மனைவி திலகா மூன்று சட்டைகளையும் சுருட்டி வாசலுக்குக் கொண்டுபோனாள். உமாபதி ஓடி வந்து ஒன்றை மட்டும் உருவினார்.

“இது என் சட்டை, திலகா.”

“அப்ப மத்த ரெண்டும்?”

“அதுல எது எதுன்னே எனக்குத் தெரியாது.”

மற்ற இரண்டும் வாளிக்குப் போய்விட, இந்தச் சட்டை மட்டும் பீரோவுக்குத் திரும்பியது. பொத்தான் ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது.

“நல்லவேளை, நீ வந்தே. விழுந்துடாதேப்பா,” என்று அதைத் தன் காஜாத் துளைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டது சட்டை.