உள்ளே ஒருவர்

"ஆளு எப்பவோ வீட்டுக்குப் போயாச்சு. இந்த மெஷினுக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றார் கிரிகரி.

உஷாராணி சுவரில் இருந்த புது முகப்பதிவு மெஷினின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'உள்ளே: 1 நபர். இராமலிங்கம்' என்று அது பச்சை எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

கிளாங் துறைமுகத்துப் பக்கம் மீன் பெட்டிகளைக் குளிரில் அடுக்கிவைக்கும் கிடங்கு அது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டியது ஆபீஸ் கிளார்க் உஷாராணியும் ஸ்டோர் சூப்பர்வைசர் கிரிகரியும். இரண்டு பேரும் மெஷினிடம் முகத்தைக் காட்டி 'வெளியே' என்று பதிந்தாகிவிட்டது. பெட்டி அடுக்கும் இராமலிங்கம் மட்டும் போகவில்லை என்று மெஷின் அடம்பிடிக்கிறது.

பக்கத்திலேயே பழைய பஞ்ச் கார்டு மெஷினும் தொங்கியது. இந்த மாசம் முடியும்வரை இரண்டும் ஓடட்டும், அப்புறம் பழையதைக் கழற்றிவிடலாம் என்பது முதலாளி உத்தரவு. கிரிகரி இராமலிங்கத்தின் கார்டை உருவி நீட்டினார்.

"பாரு, வெளிய போன நேரம் அழகா அடிச்சிருக்கு. எத்தன வருஷமா இந்த கார்டு ஓடுது, ஒரு நாள் தப்பு சொல்லியிருக்கா? உன் மெஷின் வந்து ரெண்டு வாரம் ஆகல, அதுக்குள்ள ஆள உள்ள வெச்சுப் பூட்டப் பாக்குது."

"விளையாட்டு இல்லண்ணே. கோல்ட் ரூம இப்ப பூட்டினா திங்கக்கிழமதான் திறப்போம். மைனஸ் இருபது. உள்ள ஆளு இருந்தா என்ன ஆகும்?"

"கதவுகிட்ட நின்னு கூப்பிட்டுப் பாத்துட்டேன்லா. காத்தாடி சத்தந்தான் கேட்டுச்சு. பின்கதவு வழியா போயிருப்பான். பைக்கெல்லாம் அங்கதான நிக்கும். மூஞ்சியக் காட்ட மறந்திருப்பான்."

உஷாராணிக்கு மனசு கேட்கவில்லை. இராமலிங்கத்தின் கைப்பேசிக்கு அழைத்தாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. ஜெஞ்சாரோமில் இருக்கும் அவன் மனைவி தாமரையை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"இப்பதாங்க்கா வந்தாரு" என்றாள் தாமரை. பின்னால் பிள்ளைகள் கூச்சல். "பைக் சத்தமே கேக்கல. திரும்பிப் பாத்தா கதவுகிட்ட நிக்கிறாரு. உங்க கம்பெனி ஜாக்கெட்டக்கூட கழட்டல. குளிருது குளிருதுன்னு ஒரே புலம்பல். சுடு தண்ணி வெச்சிக்கிட்டு இருக்கேன்."

"போனக் குடேன், ஒரு வார்த்த பேசிடறேன்."

"பாத்ரூம்ல இருக்காருக்கா. மகளுக்குப் பிறந்தநாளு, கேக் வெட்டணும். வந்ததும் பேசச் சொல்றேன்."

உஷாராணிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கிரிகரிக்கோ வாயெல்லாம் பல்.

"சொன்னேன்ல? கார்டு பொய் சொல்லாது."

"கம்பெனி ஜாக்கெட்ட வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருக்காரு பாருங்க, திங்கக்கிழம இருக்கு அவருக்கு." உஷாராணி கைப்பேசியில் முதலாளியின் எண்ணைத் தேடினாள். "மெஷின்ல இந்தப் பேர எடுக்க பாஸ்தான் அனுமதி குடுக்கணும். இராமலிங்கம் கார்டு அடிச்சிட்டுப் போனத நான் கண்ணால பாத்தேன்னு நீங்க ஒரு வாய்ஸ் மெசேஜ் சொல்லிடுங்கண்ணே. போதும்."

கைப்பேசி கிரிகரியின் வாய்க்கருகே வந்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார்.

"என்னண்ணே?"

"பாஸ்கிட்ட சொல்லாத உஷா. நாளைக்கு சர்ச்சுல முழங்கால் போடணும், என்னால பொய் சொல்ல முடியாது. அவன் கார்ட நான்தான் அடிச்சேன்."

அடுத்தவன் கார்டை அடித்தால் வேலை போய்விடும் என்று சுவரிலேயே ஒட்டியிருந்தது. அதன் கீழே நின்றுதான் எல்லாரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். கார்டு மெஷின் முன்பக்கம், பைக் பின்பக்கம். சுற்றி வர அலுப்புப்பட்டு, முதலில் வருகிறவன் மற்றவனுக்கும் சேர்த்து அடித்துவிடுவது அங்கே பழக்கம்.

"மகளுக்குப் பிறந்தநாளு, சீக்கிரம் போகணும்ணே, கடைசி வரிசைய அடுக்கிட்டு அப்படியே ஓடிடறேன்னான். சரி போடான்னு நான் வந்து அடிச்சேன்."

"அப்ப அவரு வெளிய வந்தத நீங்க பாக்கல?"

"பாக்கல. ஆனா வீட்டுலதான இருக்கான்? அவன் பொண்டாட்டியே சொல்லுதே."

சொல்லிவிட்டாரே ஒழிய, கிரிகரியின் குரலில் தெம்பு இல்லை. இருவரும் பின்பக்கம் நடந்தார்கள். தகரக் கூரையின் கீழே ஒரே ஒரு பைக் நின்றது. கைப்பிடியில் இளஞ்சிவப்புப் பலூன் பாக்கெட் ஒன்று கட்டித் தொங்கியது. இராமலிங்கத்தின் பைக்.

"அப்ப ஜெஞ்சாரோமுக்கு எதுல போனாரு?" என்றாள் உஷாராணி.

கிரிகரி ஓடினார். கோல்ட் ரூம் கதவைத் தள்ளிக்கொண்டு வெண்புகைக்குள் நுழைந்தார். கடைசி வரிசை மொத்தமாகச் சரிந்து கிடந்தது. இரண்டு பேருமாகப் பெட்டிகளை இழுத்துப் போட்டார்கள். அடியில் கம்பெனி ஜாக்கெட்டோடு இராமலிங்கம் கிடந்தான். புருவத்தில் பனி படிந்திருந்தது. கிரிகரி அவன் மார்பில் காதை வைத்துப் பார்த்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

உஷாராணியின் கையில் கைப்பேசி அடித்தது. தாமரை.

"அக்கா, குளிச்சிட்டு வந்துட்டாரு. இன்னும் உடம்பு சில்லுன்னுதான் இருக்கு. கிரிகரி அண்ணன்கிட்ட ஒன்னு சொல்லச் சொல்றாரு. அவரு கார்டு அடிச்சி விட்டதாலதான் இன்னைக்கி சீக்கிரமா வீட்டுக்கு வர முடிஞ்சிச்சாம்."