பிணவறையில் சிரிப்பவர்

துணியை விலக்கிப் பிணத்தின் முகத்தைப் பார்த்த டிரைவர், சிரித்தார்.

கணக்கு வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த தண்ணீர் வாளியை அப்படியே தரையில் வைத்துவிட்டார்.

மேஜைமேல் கிடப்பவனுக்கு இருபது, இருபத்திரண்டு வயசுதான் இருக்கும். பஸ் நிலையத்து பெஞ்சில் செத்துக் கிடந்தவன். பத்து நாளாகியும் தேடி ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அவனைப் பார்த்து ஒரு மனுஷனுக்குச் சிரிப்பு வருமா?

வந்ததே! பல் தெரியச் சிரித்து, நீளமாக மூச்சும் விட்டுவிட்டு, "ஆரம்பிக்கலாமா சார்?" என்கிறார்.

ஆஸ்பத்திரிப் பிணவறையை ஒட்டிய சின்ன அறை அது. யாரும் வாங்க வராத உடல்களைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, அடக்கம் செய்து வைக்கும் வேலை. வாரத்தில் இரண்டு நாள். சம்பளம் கிடையாது. அதனால் ஆளும் கிடையாது. குழுவை நடத்தும் நர்ஸம்மா, லாரி ஓட்டுகிற இந்த டிரைவர், புதிதாக வந்து சேர்ந்த வாத்தியார், மூன்றே பேர்தான். பெண் உடல்களை நர்ஸம்மா பார்த்துக்கொள்வார். ஆண்களை இவர்கள் இரண்டு பேரும்.

வாத்தியார் ரிட்டயர் ஆனபிறகு வீட்டில் எல்லாரையும் திருத்திக்கொண்டிருந்தார். "வெளியில போய் நாலு பேருக்கு உபகாரம் பண்ணுங்களேன், வீடும் நிம்மதியா இருக்கும்" என்று மனைவிதான் அனுப்பிவைத்தாள்.

முதல் நாள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தபோது, முதுகைத் தடவிவிட்டது டிரைவர்தான். நல்ல மனுஷன் என்றுதான் அப்போது நினைத்தார். ஆனால் இந்த மூன்று வாரத்தில் ஏழு உடல்கள். ஏழுக்கும் டிரைவர் ஒரே மாதிரிதான் செய்தார்.

காலிலிருந்து தொடங்கி முகத்தைக் கடைசியில் திறக்க வேண்டும் என்பது நர்ஸம்மா சொல்லிக்கொடுத்த முறை. டிரைவர் வந்ததும் வராததுமாக முகத்தைத்தான் திறப்பார். இடது காதை மடக்கிப் பின்னால் பார்ப்பார், காய்கறி பொறுக்குகிறவர் மாதிரி. அப்புறம் அந்தச் சிரிப்பு.

வீட்டில் சொன்னபோது, "அவர் சிரிச்சா உங்களுக்கென்ன? நீங்க போன வேலையைப் பாருங்க" என்றாள் மனைவி. பார்க்க முடிந்தால்தானே!

"என்னய்யா சிரிப்பு வேண்டிக்கிடக்கு?" வாத்தியார் வெடித்தார்.

டிரைவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "சார்?"

"நானும் மூணு வாரமாப் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். செத்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாம்? உங்க வீட்டுப் பிள்ளை இப்படிக் கிடந்தா சிரிப்பீங்களா?"

டிரைவரின் முகம் செத்துவிட்டது.

"இல்லைங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, குனிந்து அந்தப் பையனின் கால்விரல்களைக் கழுவ ஆரம்பித்தார்.

வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த நர்ஸம்மா காதில் எல்லாமே விழுந்திருக்க வேண்டும்.

"சார், ஒரு நிமிஷம் வெளியே வாங்க."

வாத்தியார் தாழ்வாரத்துக்கு வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டார். "நீங்க கூப்பிட்டதும் நல்லதாப் போச்சு சிஸ்டர். ஒண்ணு அந்த ஆளை நிறுத்துங்க, இல்லேன்னா நான் நின்னுக்கறேன். இதெல்லாம் ஒரு சேவையா? வக்கிரம்!"

"அவர் பையன் வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம் ஆச்சு சார்."

வாத்தியார் திரும்பி அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்பனுக்கும் மகனுக்கும் ஏதோ வாய்த்தகராறு. 'இனிமே என் மூஞ்சியில முழிக்காதே'ன்னு இவர் கோபத்துல சொல்லிட்டார். அவனும் முழிக்கலை. லாரி போன ஊரெல்லாம் தேடிப் பார்த்துட்டு, கடைசியில இங்கே வந்தார். செத்த முகம் ஆளையே மாத்திக் காட்டும் சார். அதான் காதைப் பார்க்கிறார். பையனுக்குச் சின்ன வயசுல காதுக்குப் பின்னாடி தையல் போட்ட தழும்பு இருக்குமாம். அது இல்லேன்னா..."

"இல்லேன்னா?"

"இன்னைக்கு வரைக்கும் அவர் பையன் உயிரோட இருக்கான்னு அர்த்தம். சிரிக்க மாட்டாரா சார்?"

உங்க வீட்டுப் பிள்ளை இப்படிக் கிடந்தா... என்ன கேள்வி கேட்டுவிட்டோம்! வாத்தியாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பார்த்தாச்சுன்னா போயிடலாமே சிஸ்டர்? எதுக்குக் குளிப்பாட்டவும் நிக்கிறார்?"

"கேட்டேன். 'இவனும் எவனோ ஒரு அப்பன் தேடிக்கிட்டிருக்கிற பிள்ளைதானே அக்கா'ன்னார்."

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மெதுவாக, குழந்தைக்கு ஊற்றுவதுபோல.

"எனக்குத் தெரியாதே சிஸ்டர்... இவ்வளவு நாள் பக்கத்துல நின்னும் ஒரு வார்த்தை சொல்லலையே அவர்!"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டார். முதல் நாள் அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நானாத்தான் கூப்பிட்டுக் கேட்டேன்."

"வெறும் சிரிப்பை வச்சு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஆறு வருஷம் நானும் அப்படித்தானே சார் சிரிச்சுக்கிட்டிருந்தேன்."

வாத்தியார் அவர் முகத்தையே பார்த்தார். "நீங்களா? நீங்க சிரிச்சு நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையே!"

மடித்த வெள்ளைத் துணியை வாத்தியாரின் கையில் கொடுத்தார் நர்ஸம்மா.

"போன வருஷம் என் பொண்ணு கிடைச்சுட்டா சார். அதே மேஜையிலதான்."