நாலு மணிப் பந்து

“சார், என் பந்து உங்க தோட்டத்துல விழுந்துடுச்சு. எடுத்துக்கலாமா?”

கதவைத் திறந்த பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வாசலில் நின்றவருக்கு வேர்த்துக் கொட்டியது. கோல்ஃப் மட்டையைக் குடை மாதிரி பிடித்திருந்தார்.

“பந்து எங்கேயும் ஓடிப்போகாது. உள்ள வந்து உட்காருங்க.”

மேஜையில் இரண்டு கோப்பை டீ ஆவி பறக்க இருந்தது.

“எந்த மட்டையால அடிச்சீங்க?”

“இதோ, இதாலதான் சார்.”

“அது பந்தைக் குழிக்குள்ள மெதுவாத் தள்ளுற மட்டையாச்சே! அதால எட்டடிச் சுவரைத் தாண்ட வச்சுட்டீங்களா? பலே! இதுவரைக்கும் உலகத்துல யாரும் செஞ்சதில்ல.”

வந்தவர் டீயை அவசரமாக விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

பெரியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. முப்பத்தொரு கோல்ஃப் மைதானங்களை வரைந்தவர். சுவருக்கு அப்பால் இருப்பது கடைசியாக வரைந்தது.

“மைதானம் வரையறதுல உங்க கொள்கை என்ன சார்?”

“நேராப் போற பந்துக்கு நான் எதுக்கு? அது தானாப் போய்ச் சேர்ந்துடும். கோணலாப் போற பந்துக்கும் போக ஓர் இடம் வேணும். அதைத்தான் நான் வரைவேன்.”

“ஏழாவது குழிகிட்ட மட்டும் தரை உங்க வீட்டுப் பக்கமாச் சாயுதாமே?”

“மழைத்தண்ணி வடியறதுக்குன்னு ஒரு புரொபசர் புத்தகமே எழுதிட்டார். அவர் மனசை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.” பெரியவர் குரலைத் தாழ்த்தினார். “இந்த மைதானத்தை வரைஞ்சப்பதான் என் சம்சாரம் தவறிப்போயிருந்தா. பொண்ணு கடல் தாண்டிப் போயிட்டா. வீட்ல வாயைத் திறக்கறது ஃபிரிட்ஜ் மட்டும்தான். அந்தச் சரிவுல நின்னு அடிச்சா பந்து இங்கதான் பறக்கும். பந்து வந்தா, பின்னாலயே ஆள் வந்துதானே ஆகணும்? வெளியில சொல்லிடாதீங்க.”

“சத்தியமா மாட்டேன் சார்.”

“முன்னெல்லாம் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர் வருவாங்க. வந்த வேகத்துல ஓடிடுவாங்க. இப்ப ஒருத்தர்தான். ஆனா டீயை முழுசாக் குடிச்சுட்டுப் போறாங்க.”

வந்தவர் மிச்சமிருந்த டீயைச் சொட்டு விடாமல் குடித்தார். பந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

சுவரோரம் கிளப் தோட்டக்காரர் ஒரு நோட்டுடன் காத்திருந்தார்.

“என்ன மேனேஜர் சார், முதல் நாளு எப்படி? கொள்கையைக் கேட்டீங்களா? கேட்டா அரை மணி ஓடும்.”

“கேட்டேன். பாவம்யா, அப்படியே நம்பிட்டார். நாளைக்கு யார் முறை?”

“நம்ம சமையல்காரர்.”

ஏழாவது குழியை மூடிக் கார் நிறுத்தும் இடமாக்கி மூன்று வருஷமாகிறது. பெரியவருக்குத் தெரிந்தால் உடைந்துபோவார் என்று, அன்றிலிருந்து கிளப் ஊழியர்கள் முறைபோட்டு, தினமும் நாலு மணிக்கு ஒரு பந்தைச் சுவருக்கு மேலே எறிந்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள்.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தபோது, சுவருக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

“சமையல்காரரைக் கொஞ்சம் மெதுவா எறியச் சொல்லுங்க மேனேஜர் சார்! போன தடவை பூந்தொட்டி போச்சு. அந்தப் பக்கம் காருங்க வேற நிக்குது!”