மூச்சு முட்டக்கூடாது

பாலிஷ் அறையில் பெண்களுக்குத் தூசியில் மூச்சு முட்டுகிறது, ஒரு ஃபேன் மாட்டுங்கள் என்று அவர்களோடு வேலை செய்யும் சுகன்யா போன மாதமே கேட்டுப் பார்த்தாள். “மூக்குல துணியக் கட்டிக்கிறச் சொல்லு” என்றுவிட்டார் பூட்டுப் பட்டறை முதலாளி அழகுராஜா.

இன்று மறுபடி போனபோது அவர் செல்போனில் வாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாம்மா. மீன்குஞ்சு போட்டு வைக்க, காத்து பம்பு வச்ச வாளி. சின்னது போதுமா?”

“போதும்ணே.”

“இம்புட்டுக் குஞ்சும் நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கணுமா? பாவம், மூச்சு முட்டிராது? கறுப்பும் வேணாம், வெயில்ல தண்ணி கொதிக்கும்.”

பெரிய வெள்ளை வாளியாக ஆர்டர் போட்டார். இவ்வளவு இரக்கமா என்று சுகன்யாவுக்குத் தைரியம் வந்தது.

“வீட்டுல மீன் வளக்குறீகளாண்ணே?”

“வளக்கவா? விரால் பிடிக்கத் தூண்டில்ல கோக்குறதுக்கு. துள்ளுற குஞ்சத்தான் விரால் கவ்வும். செத்தத வச்சு நான் என்ன பண்ண?” என்று சிரித்தார். “சரி, நீ என்ன விசயமா வந்த?”

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த கெஞ்சலைச் சுகன்யா அப்படியே விழுங்கினாள்.

“பாலிஷ் ரூம்ல புள்ளைக மயங்கி விழுந்தா, தீபாவளி ஆர்டர் நின்னு போகும்ணே.”

அழகுராஜா பதறி எழுந்தார்.

“அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நாளைக்கே ரெண்டு ஃபேனா மாட்டிருவோம்!”