நம்பரில் வந்தவர்கள்

மூன்று நாளாகக் குற்றாலத்தில் நல்ல சாரல். மூன்று நாளாக அந்த லாட்ஜில் ஒரே அறைக்கு இரண்டு குடும்பங்கள் பெட்டியோடு வந்து நின்றன.

"உள்ள இருக்கவன்தாம்மா களவாணி," என்றார் முதலாளி நல்லக்கண்ணு. அவர் கண் வரவேற்பு மேசையில் இருந்த அருண்பாண்டியை விட்டு நகரவில்லை.

தென்காசியிலிருந்து வந்திருந்த அனுசியா திரையைப் பார்த்தாள். அறை பதியும் வெப்சைட்டை மூன்று நாளுக்கு முன் அவள்தான் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். லாட்ஜின் பெயரை அடித்தால் இப்போது புதியது திறக்கும். பழையதற்குப் பெயர் கிடையாது, வெறும் எண்தான். ஒரு வாரம் ஓடட்டும் என்று விட்டிருந்த அந்தப் பழையதிலும் யார் யாரோ அதே அறைகளைப் பதிந்துகொண்டிருந்தார்கள்.

"என் பேருலதானம்மா வெப்சைட்டு? நல்லக்கண்ணு லாட்ஜுன்னு அடிச்சா வரலியா?"

"வருது அண்ணாச்சி. இவங்க யாரும் பேரை அடிக்கல. நம்பரை அடிச்சு பழசுக்கு வாராங்க. யாராவது சொல்லிக்குடுக்காம அந்த நம்பர் தெரியாது."

"எப்பம் வாராங்க?"

"எல்லாரும் மத்தியானம் ரெண்டுல இருந்து மூணுக்குள்ள."

"பாத்தியா. இவன் சாப்பிடப் போற நேரம். வெளிய நின்னு ஆள் பிடிக்கான். ஏலே, எவன்கிட்டலே வாங்கித் திங்க?"

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது முதலாளி."

"சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன்ல வந்து சொல்லு. இப்பம் போயி சோத்தத் தின்னு."

அருண்பாண்டி தலையைக் குனிந்தபடி வெளியே போனான். அனுசியாவுக்கும் அவன் மேல்தான் சந்தேகம். வெப்சைட் தொடங்கிய புதிதில், பெயர் வாங்கும் முன், இந்த மேசையில் வைத்துத்தான் அந்த எண்ணை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

முதலாளி படுக்கப் போனார். யார் மாட்டுகிறார்கள் பார்க்கலாம் என்று அனுசியா அங்கேயே இருந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து மேசையில் உட்கார்ந்தாள் முதலாளியின் மனைவி வடிவம்மாள்.

"அந்தப் பய அப்படிப்பட்டவன் இல்லட்டி. இவுகதான் குதிக்காக."

போன் அடித்தது.

"ஹலோ, ஐந்தருவி ரோட்டு லாட்ஜுதான். ரூமா? போன்ல குடுக்கது இல்லப்பா, கம்ப்யூட்டர்லதான். சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."

கண்ணை மூடிக்கொண்டு, நடுநடுவே புள்ளியும் சொல்லி, பழைய எண்ணை ஓர் இலக்கம் பிசகாமல் ஒப்பித்தாள்.

அனுசியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்மா, இவ்வளவு நம்பரை எதுக்குச் சொல்லுதீங்க? லாட்ஜ் பேரைச் சொன்னா போதுமே."

வடிவம்மாள் முதலாளி படுத்திருந்த அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"கட்டுன புருசன் பேரை நான் எப்படிட்டி வாயால சொல்லுவேன்?"